கூட்டு மீனின் நெருக்கீடும் தீனில் கலக்கும் சேர்மானமும்

போன கார்த்திகையில், யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கம் கடல்நீரேரியில் வலைக்கூடு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கும் ஓர் அண்ணை ஒரு வெள்ளைப் பக்கற்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே மஞ்சள் கலந்த மா. வெளியில் ஒரு மீன் படம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘ஸ்ரெஸ் குறைக்கும்’ என்று இருந்தது. அவர் இறக்கிய குஞ்சுகள் முதல் இரண்டு நாள் நன்றாக நின்றன. மூன்றாம் நாள் கறுத்து, தீன் எடுக்காமல் கூட்டின் மூலையில் ஒதுங்கின. ஐந்தாம் நாளிலிருந்து மிதக்கத் தொடங்கின.

“தம்பி, வாங்கின அண்டைக்கே கூட்டுக்குள்ளை கரைச்சு ஊத்தினனான். ஒண்டும் நடக்கேல்லை. மீனுக்கு உண்மையா ஸ்ரெஸ் வருமோ, இல்லாட்டி இது எங்களிட்டைக் காசு பிடுங்கிற கதையோ?”

மீனுக்கு ஸ்ரெஸ், அதாவது நெருக்கீடு, வரும், அது கதை இல்லை. பக்கற்றில் இருந்த பொருளும் பொய்யில்லை. ஆனால் அது தீனில் கலந்து, மீனின் வயிற்றுக்குள் போக வேண்டியது. வலைக்கூட்டுக்குள் கரைத்து ஊற்றினால் நீரோட்டம் சில நிமிடங்களில் அதைக் கொண்டுபோய்விடும். அதோடு, குஞ்சு வருவதற்கு முன் தொடங்க வேண்டிய வேலையை அவர் குஞ்சு கறுத்த பிறகுதான் தொடங்கியிருந்தார். இதே பிழையை வேறு பலரும் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அடியிலிருந்து எழுதலாம் என்று நினைத்தேன்.

நெருக்கீடு என்றால் கவலை இல்லை

ஸ்ரெஸ் என்ற சொல்லை நாங்கள் எதற்கெல்லாமோ சொல்கிறோம். சோதனை வந்தால் ஸ்ரெஸ், கடன் வந்தால் ஸ்ரெஸ். அதனால் மீனுக்கு ஸ்ரெஸ் என்றதும், மீன் கூட்டுக்குள் இருந்து யோசித்துக் கவலைப்படுவது போல ஒரு படம் மனதில் வருகிறது. அந்தப் படத்தை முதலில் ஒதுக்கிவைப்போம்.

நெருக்கீடு என்று நான் இங்கே சொல்வது உடலின் ஒரு வேலையை. வழமையான நிலையிலிருந்து உடலைத் தள்ளும் ஏதாவது ஒன்று வந்தால், அதைச் சமாளிக்க உடல் தரும் பதில்தான் நெருக்கீடு. இந்தக் கருத்துக்கு மருத்துவத்தில் அடிப்படை போட்டவர் ஹான்ஸ் செலியே. குளிர், காயம், நஞ்சு என்று தாக்குவது எதுவானாலும் எலிகளின் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பதில் தருவதை அவர் 1936 இல் எழுதினார். மீனிலும் அப்படித்தான். வலையில் வாருவது, ஒட்சிசன் குறைவது, திடீரென்று உப்பு மாறுவது, பெரிய மீன் துரத்துவது என்று காரணங்கள் வேறுவேறு. உடலுக்குள் அடிக்கும் மணி பெரும்பாலும் ஒன்றுதான்.

இரவு சைக்கிளில் வரும்போது ஒழுங்கைக்குள் நாய் துரத்தினால் என்ன நடக்கும்? நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், காலுக்கு எங்கிருந்தோ பலம் வரும். அந்த நேரத்தில் பசி தெரியாது, காலில் பட்ட சிராய்ப்பும் தெரியாது. மீனுக்குள்ளும் இதே மாற்றங்கள்தான் நடக்கின்றன.

மூளை இந்தச் செய்தியை இரண்டு வழியில் அனுப்புகிறது. முதலாவது தொலைபேசி அழைப்பு மாதிரி. நரம்பு வழியாகச் சில நொடிக்குள் செய்தி போய், அதிரினலின் இரத்தத்தில் கொட்டும். அதிரினலின் ஓர் ஓமோன். ஓமோன் என்பது உடலின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் பயணம் செய்து, இன்னோரிடத்தில் வேலை செய்விக்கும் பொருள். இரண்டாவது வழி, சைக்கிளில் ஆள் விட்டுச் சொல்வது மாதிரி. மூளை தன் அடியில் இருக்கும் கபச் சுரப்பிக்குச் சொல்லும், கபச் சுரப்பி சிறுநீரகத்தின் முன்பகுதிக்குச் சொல்லும், அங்கிருந்து கோட்டிசோல் என்ற இன்னோர் ஓமோன் சுரக்கும். இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

மீன் துப்புரவாக்கும்போது முதுகெலும்போடு ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டி கிடக்குமே, பெருவிரலால் வழித்து எடுப்போமே, அதுதான் மீனின் சிறுநீரகம். அதன் முன்முனை, தலைக்குப் பக்கத்தில் இருப்பது, தலைச் சிறுநீரகம். மனிதரில் இந்த வேலைக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போலத் தனிச் சுரப்பி இருக்கிறது. மீனில் அந்தக் கலங்கள் தலைச் சிறுநீரகத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கின்றன.

அமைதியாக இருக்கும் பல வகை மீன்களின் இரத்தத்தில், ஒரு மில்லிலீற்றருக்குச் சில நானோகிராம் அளவில்தான் கோட்டிசோல் இருக்கும். வலையில் வாரித் தூக்கினால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் அது பல மடங்கு ஏறும், சில வகைகளில் நூறையும் தாண்டும். தொந்தரவு நின்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

கோட்டிசோல், நகையை அடைவு வைப்பது மாதிரி

வீட்டில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகையை அடைவு வைக்கிறோம். அது பிழையில்லை, அதற்காகத்தான் நகையே சேர்க்கிறோம். கோட்டிசோல் உடலில் செய்வதும் அதுதான். சேமித்த கொழுப்பையும் புரதத்தையும் உடைத்து, குளுக்கோசு போன்ற எரிபொருளாக உடனே செலவழிக்கத் தருகிறது. அந்த நேரத்துக்கு அவசரமில்லாத வேலைகளையும் அது தள்ளிப்போடுகிறது. வளர்ச்சி, செரிமானம், நோயெதிர்ப்பு, முட்டை வைப்பது எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று நிற்கும்.

நகையை மீட்டுவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. மாதாமாதம் அடைவு வைத்தால்தான் வீடு இறங்கும். மீனிலும் ஒரு நாள் நெருக்கீடு பெரும்பாலும் கொல்வதில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வருவதுதான் அநேகமாகக் கொல்கிறது. பொரிப்பகத்தில் வாரிப் பையில் அடைக்கிறார்கள், ஓர் இரவு முழுக்க லொறியில் குலுங்குகிறது, விடிய முன்பின் தெரியாத உப்புத் தண்ணீருக்குள் இறங்குகிறது, அடுத்த நாள் மழை, அதற்கடுத்த நாள் பெரியது சின்னதைக் கடிக்கிறது. கோட்டிசோல் இறங்க நேரமே கிடைப்பதில்லை. நோயெதிர்ப்பு அமர்ந்துபோகிறது. கடல் தண்ணீரில் எப்போதும் இருக்கும் விப்ரியோ போன்ற பற்றீரியாவுக்கு அதுவே போதும். அண்ணையின் குஞ்சுகள் முதல் நாளில் சாகாமல் ஐந்தாம் நாளில் மிதந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். இரவுப் பயணத்தின் கணக்கு நாலு நாள் பிந்தித்தான் முடிந்தது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நெருக்கீடு என்பது உடலின் பதில், நோய் இல்லை. கோட்டிசோல் எதிரி இல்லை, அவசரத்துக்கு உதவுகிற கை. அந்த அவசரம் ஓயாமல் தொடர்ந்தால்தான் வளர்ச்சியும் நோயெதிர்ப்பும் விழும்.

கதவைத் திறந்தால் நுளம்பும் வரும்

மீனுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் சேர்மானத்துக்குப் போக முடியாது.

சந்தையில் மீன் வாங்கும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பூ சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்தப் பூதான் மீனின் மூச்சு உறுப்பு. தண்ணீரிலிருந்து ஒட்சிசனை எடுக்க வேண்டும் என்பதால் அது மிக மெல்லிய தோலால் ஆனது. வீட்டில் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்தால் காற்று வரும், கூடவே நுளம்பும் வரும். மீனுக்கும் அதே கதிதான். நெருக்கீட்டில் ஒட்சிசன் கூடத் தேவைப்படும்போது பூவுக்கு இரத்தம் அதிகம் பாயும், அதே மெல்லிய தோல் வழியாக உப்பும் தண்ணீரும் போகக்கூடாத பக்கம் போகத் தொடங்கும்.

கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் அதன் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அதனால் கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து தண்ணீர் வெளியே இழுபடும். உப்புக் கண்டம் போடும்போது மீனிலிருந்து தண்ணீர் கசிவது போலத்தான். அதை ஈடுசெய்ய, கடல்மீன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்து, உப்பைப் பூ வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீர் மீனில் கதை தலைகீழ். உப்புத்தான் வெளியே கசியும், தண்ணீர் உள்ளே புகும். இந்த உப்புக் கணக்கைச் சரிக்கட்டும் வேலையிலும் கோட்டிசோலுக்குப் பங்கு உண்டு.

இப்போது எங்கள் கடல்நீரேரியை நினைத்துப் பாருங்கள். ஆழம் குறைந்த தண்ணீர். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களிடம் இல்லை. சோளகமும் வெயிலும் காய்ச்சும் மாதங்களில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும், சில மூலைகளில் கடலையும் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளவாய்க்கால் எல்லாம் வந்து விழ, சில நாளுக்குள் உப்பு இறங்கிவிடும். கொடுவா உப்பிலும் நன்னீரிலும் வாழக்கூடிய மீன்தான், அதனால்தான் இங்கே தாக்குப்பிடிக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது உடலிலிருந்து செலவழிக்கிறது. வெளியே அது ஆடாமல் அசையாமல் நிற்கிற நேரத்திலும் உள்ளே செலவு ஓடிக்கொண்டிருக்கும்.

சேர்மானம் என்றால் என்ன?

குழந்தை பெற்ற பெண்ணுக்கு எங்கள் வீடுகளில் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுப்பார்கள். வயிற்றை நிரப்புவது சோறும் மீனும்தான். சரக்குக் கொஞ்சம்தான் சேரும், ஆனால் அதற்கென்று ஒரு நோக்கம் இருக்கிறது. தீன் சேர்மானமும் அந்த மாதிரி. தீனின் அடிப்படைச் சத்துக்கு மேலாக, குறிப்பிட்ட ஒரு வேலைக்காகச் சிறிய அளவில் கலக்கும் பொருளைத்தான் சேர்மானம் என்கிறோம்.

அது மயக்க மருந்து இல்லை. சேர்மானம் தின்ற மீன் வலையைக் கண்டால் துள்ளும், துள்ளவும் வேண்டும். அடைவுக் கதையில் சொன்னால், ஆஸ்பத்திரிச் செலவு வராமல் தடுக்க இதனால் முடியாது. வருவதற்கு முன் கையிருப்பைக் கூட்டி வைக்கும், வந்த பிறகு கெதியாக மீட்க உதவும். சில சேர்மானங்கள் மட்டும் கோட்டிசோல் எவ்வளவு ஏறுகிறது என்பதையே கொஞ்சம் தணிக்கின்றன.

விற்றமின் சி: எங்களைப் போலத்தான் மீனும்

நாயும் ஆடும் தங்களுக்குத் தேவையான விற்றமின் சி யைத் தாங்களே உடலுக்குள் ஆக்கிக்கொள்ளும். மனிதரால் முடியாது. நாங்கள் வளர்க்கும் மீன்களில் அநேகமானவற்றாலும் முடியாது. தீனில் வந்தால்தான் உண்டு.

தோலையும் எலும்பையும் இரத்தக் குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்ப்புரதத்தைக் கட்ட விற்றமின் சி வேண்டும். அது குறைந்த மீனின் முள்ளந்தண்டு வளையும், செவுள் மூடி குறுகும், காயம் ஆறாது. முதுகு கூனிய மீனைத் தொட்டியிலோ கூட்டிலோ பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று இல்லை, ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. கோட்டிசோல் சுரக்கும் கலங்களில் விற்றமின் சி நிறைந்து கிடக்கும், நெருக்கீடு வந்தால் அந்த இருப்புக் குறையும். நெருக்கீட்டில் உடலுக்குள் உண்டாகும் ஒட்சியேற்றச் சேதத்தைத் தடுப்பதிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஒட்சியேற்றம் என்பது, வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது போல, ஒட்சிசன் பட்டுக் கலங்கள் பழுதாவது. விற்றமின் ஈ யும் செலீனியம் என்ற கனியுப்பும் இதே காவலில் கூடநிற்பவை.

மீன் வளர, ஒரு கிலோ தீனுக்குச் சில பத்து மில்லிகிராம் விற்றமின் சி போதும். இடம் மாற்றும் காலம், கடும் வெயில் காலம் போன்ற நேரங்களுக்குச் சில நூறு மில்லிகிராம் வரை கூட்டிப் பரிசோதித்திருக்கிறார்கள். பல மீன்களில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது.

அளவு மட்டும் போதாது, வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண விற்றமின் சி சூட்டுக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்காது. முருங்கையிலையை நெடுநேரம் அவித்தால் சத்துப் போய்விடும் என்று அம்மாமார் சொல்வார்களே, அதே நியாயம்தான். தகரக் கூரைக் கொட்டிலுக்குள், காண்டாவன வெயிலில், வாய் திறந்த தீன் மூட்டை ஒரு மாதம் கிடந்தால் பையில் எழுதிய அளவு உள்ளே இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால்தான் நல்ல தீன்களில் பொஸ்பேற்றோடு பிணைத்த நிலையான வடிவத்தைச் சேர்க்கிறார்கள். பை வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் உற்பத்தித் திகதியைப் பாருங்கள்.

திரிப்தோபன்: மூளை வரைக்கும் போகிற சேர்மானம்

எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் வியப்புத் தந்தது இதுதான்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது, மாலை மணிகளால் ஆனது போல. அந்த மணிகளில் ஒன்று திரிப்தோபன். மீன் அதைத் தானாக ஆக்காது. மூளை திரிப்தோபனை எடுத்துச் செரட்டோனின் என்ற செய்திப் பொருளைச் செய்கிறது. சண்டை, பசி, நெருக்கீட்டுப் பதில் மூன்றையும் அடக்கியாள்வதில் செரட்டோனினுக்குப் பங்கு உண்டு. இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வாசல் ஒடுக்கமானது, வேறு சில அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடிக்கும். தீனில் திரிப்தோபனின் பங்கைக் கூட்டினால் அதிலிருந்து கூடுதலாக உள்ளே போகும், செரட்டோனினும் கூடும்.

இதை அதிகம் சோதித்தது வானவில் திரௌட் மீனில். ஆங்கிலேயர் காலத்தில் நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் கொண்டுவந்து விட்ட மீன் அதுதான். திரிப்தோபன் கூட்டிய தீனை 7 நாள் தின்ற திரௌட்டுகளுக்குள் சண்டை குறைந்தது, நெருக்கீடு கொடுத்தபோது கோட்டிசோல் ஏற்றமும் குறைந்தது. ஆனால் 3 நாள் கொடுத்தபோது அந்தப் பலன் தெரியவில்லை, 28 நாள் கொடுத்தபோதும் தெரியவில்லை. நெருக்கீடு எதுவும் கொடுக்காமல் அமைதியாக விட்ட மீன்களில், திரிப்தோபனால் கோட்டிசோல் சற்றுக் கூடியதும் பதிவாகியிருக்கிறது.

ஒரே பொருள்தான், மீனும் அதே மீன்தான், நாள் கணக்கு மாறியதும் பலனும் மாறிவிட்டது. பக்கற்றில் ‘தினமும் கலக்கவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான். திரௌட் குளிர் தண்ணீர் மீன், எங்கள் கொடுவா சூட்டுத் தண்ணீர் மீன். அங்கே சரியாக வந்த நாள் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. குஞ்சுப் பருவத்தில் ஒன்றையொன்று விழுங்குகிற கொடுவாவுக்குச் சண்டை குறைவது பெரிய விடயம். ஆனாலும் கிழமைக்கு ஒருமுறை பெரியது சிறியதைப் பிரித்துவிடுவதை எந்தச் சேர்மானத்துக்காகவும் நிறுத்தக்கூடாது.

ஈஸ்ட், நல்ல பற்றீரியா, எங்கள் மஞ்சளும் உள்ளியும்

கள்ளைப் புளிக்க வைப்பதும் அப்பமாவைப் பொங்க வைப்பதும் ஈஸ்ட். அதன் சுவரில் பீற்றா குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துத் தீனில் கலந்தால், மீனின் காவல் கலங்கள் ‘ஏதோ கிருமி வந்துவிட்டது’ என்று எண்ணி விழித்துக்கொள்ளும். உண்மையான கிருமி இல்லை என்பதால் நோய் வராது, காவல் மட்டும் கூடும். நெருக்கீட்டால் நோயெதிர்ப்பு அமரப்போகும் நாட்களுக்கு முன் இது கைகொடுக்கும். ஒவ்வொரு இரவும் சும்மா சும்மா எழுப்பினால் வீட்டு நாயும் ஒரு கட்டத்தில் எழும்பாது. அதனால் இதைத் தொடர்ந்து கொடுக்காமல், சில கிழமை கொடுத்து இடைவெளி விடுவது வழக்கம்.

நல்ல பற்றீரியாவின் வேலை குடலில். பாலைத் தயிராக்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவையும், பசிலசு வகையும் அதிகம் பயன்படுகின்றன. நெருக்கீட்டில் மீனின் குடற்சுவர் இளகி, கெட்ட பற்றீரியா உள்ளே நுழைய வழி கிடைக்கும். நல்லவை முன்கூட்டியே இடம்பிடித்திருந்தால் அந்த வழி குறையும். உயிரோடு இருந்தால்தான் இவற்றால் பயன். கொதிதண்ணீரில் கரைத்தால் எல்லாம் முடிந்தது.

மஞ்சள், உள்ளி, துளசி, கருஞ்சீரகம், வெந்தயம், முருங்கையிலை எல்லாவற்றையும் மீன் தீனில் கலந்து பார்த்த ஆய்வுகள் ஏராளம். இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் எகிப்திலிருந்தும் நிறைய வருகின்றன. நம்பிக்கை தரும் முடிவுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு தோட்டத்து மஞ்சளிலும் இன்னொரு தோட்டத்து மஞ்சளிலும் சத்து ஒரே அளவில் இருப்பதில்லை, அதனால் ‘ஒரு கிலோவுக்கு இத்தனை கரண்டி’ என்று என்னால் எழுத முடியாது. வீட்டில் அரைத்துக் கலப்பவர்கள் ஒரு கூட்டுக்கு மட்டும் கலந்து, பக்கத்துக் கூட்டைச் சும்மா விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாக் கூட்டுக்கும் கலந்துவிட்டால் பலன் எதனால் வந்தது என்று ஒருபோதும் தெரியாது.

சுருக்கமாக: விற்றமின்கள் கையிருப்பைக் கூட்டும். திரிப்தோபன் மூளையின் பதிலைத் தணிக்கும். ஈஸ்ட் சுவர் காவலை எழுப்பும். நல்ல பற்றீரியா குடலைக் காக்கும். நான்கும் நான்கு வேலை, ஒன்றுக்குப் பதில் மற்றது ஆகாது.

எப்போது, எப்படி

மாரி தொடங்கிய பிறகு யாரும் வேலி அடைப்பதில்லை. ஓலை வாங்கி, கதிகால் பார்த்து, ஆவணி, புரட்டாதிக்குள் வேலையை முடித்துவிடுவோம். சேர்மானமும் அப்படித்தான். கூடு மாற்றுவது, தரம் பிரிப்பது, லொறியில் ஏற்றுவது, மாரி வெள்ளம் வருவது ஆகியவற்றில் அநேகமானவை எந்த வாரத்தில் வரும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கு ஒன்று, இரண்டு கிழமை முன்னர் தொடங்க வேண்டும். கையாளும் நாளுக்கு முதல் நாள் தீனை நிறுத்திக் குடலை வெறுமையாக்குவது வழக்கம். அதில் முரண் இல்லை, சேர்மானம் அதற்குள் உடலில் சேர்ந்திருக்கும். நெருக்கீடு முற்றிய மீன் தீனே எடுக்காது. தீன் எடுக்காத மீனுக்குத் தீனில் மருந்து வைத்து என்ன பயன்?

கலக்கும் விதமும் முக்கியம். மாவை வெறுமனே குளிசைத் தீனில் தூவினால் தண்ணீரில் விழுந்ததும் கழன்றுவிடும். முட்டை வெள்ளைக்கருவிலோ மீன் எண்ணெயிலோ மாவைக் குழைத்து, தீன் மேல் பூச்சாகப் பிடிக்கப் புரட்டி, நிழலில் உலரவிட்டுப் போட வேண்டும். அண்ணை அதைத் தன் வீட்டு முற்றத்தில், பழைய பாய் ஒன்றில் பரப்பிச் செய்து காட்டினார். முட்டைக்கரு பிடித்த தீன் மினுமினுப்பாக இருந்தது. ஒரு போத்தல் கடல்தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் பார்த்தோம். தூவிய தீனைச் சுற்றி மஞ்சள் புகை மாதிரிக் கலங்கியது. பூசிய தீனைச் சுற்றித் தண்ணீர் தெளிவாகவே நின்றது.

எங்கள் பக்கம் குளிசைத் தீன் விலை காரணமாகச் சூடை போன்ற சிறுமீனை வெட்டிப் போடுவோரும் உண்டு. வெட்டிய துண்டில் மா ஒட்டுவது இன்னும் கஷ்டம். அரைத்து, பிடிப்புக்கு ஜெலற்றின் சேர்த்து உருட்டினால்தான் சரிவரும். இன்னொன்றும் உண்டு: இந்த இனத்துச் சில பச்சை மீன்களில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் இருக்கிறது. அதை மட்டுமே நாள்தோறும் தின்னும் மீனுக்கு அந்த விற்றமின் தட்டுப்படும்.

கூடப்போட்டால் கூட நல்லது என்ற எண்ணமும் பிழை. செலீனியத்தில் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. விற்றமின் ஏ, டி போன்றவை கொழுப்பில் தங்கிச் சேரும்.

சேர்மானத்தால் முடியாதவை

20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது சுமார் 7.5 ஆகும். 30 பாகைக் கடல் தண்ணீரில் 6 சொச்சம்தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரில் ஒட்சிசன் குறையும். பாசி நிறைந்த குளத்தில் இரவு முழுக்கப் பாசியும் மூச்சு விடுவதால், விடியப்புறம்தான் நிலைமை எல்லாவற்றிலும் மோசம். அந்த நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதற்கு வேண்டியது காற்று, விற்றமின் இல்லை. கூட்டில் மீன் கூடிவிட்டால் குறைக்க வேண்டும், வலையில் பாசி அடைத்தால் கழுவ வேண்டும். பத்துப் பேர் ஏற வேண்டிய மினிபஸ்ஸில் நாற்பது பேரை ஏற்றிவிட்டு ஆளுக்கொரு நெல்லிக்காய் கொடுத்தால் புழுக்கம் போகுமா?

பெயர்க் குழப்பத்தால் வரும் பிழைகளும் இரண்டு. கராம்பு எண்ணெய் மீனைச் சாந்தப்படுத்தும் என்று கேள்விப்பட்டுத் தீனில் கலக்கிறார்கள். அதை மீன் மயக்கியாகப் பயன்படுத்துவது தண்ணீரில், துளிக்கணக்கில், கையாளும் சில நிமிடங்களுக்கு மட்டும். அளவு மீறினால் மீன் எழும்பாது. மற்றது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. ‘நெருக்கீட்டுக்கு முன்காவல்’ என்று அதைத் தீனில் கலப்பது மிகப் பெரிய தவறு என்று நான் உறுதியாகச் சொல்வேன். அது நெருக்கீட்டைத் தொடுவதே இல்லை. மருந்துக்கு அடங்காத பற்றீரியாவை வளர்க்கும், அது பிறகு மனிதரிடமும் வரலாம். கால்நடை வளர்ச்சிக்காக அந்த மருந்துகளைத் தீனில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலிருந்து முற்றாகத் தடுத்தது.

இதனால்தான் ‘சேர்மானம் போட்ட மீன் கெமிக்கல் மீன்’ என்ற பேச்சு என்னை வருத்துகிறது. விற்றமின் சி யும் ஈஸ்ட் சுவரும் தயிர்ப் பற்றீரியாவும் ஒரு பக்கம், நுண்ணுயிர்க்கொல்லி இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், நல்லபடி வளர்ப்பவரும் கெட்ட பெயர் எடுப்பார். 2022 இல் உலகில் வளர்த்தெடுத்த நீர்வாழ் விலங்குகளின் அளவு, பிடித்தெடுத்ததை முதல் தடவையாக முந்தியது என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு கணக்குச் சொல்கிறது. எங்கள் சட்டிக்குள் வரும் மீனில் வளர்ப்பு மீனின் பங்கு இனிக் கூடத்தான் போகிறது, அதைச் சரியாக அறிந்து வாங்குவது எங்கள் தேவை. அமைதியாக வாழ்ந்து, துடிக்கவிடாமல் எடுத்த மீனின் தசை இறுக்கமாக இருக்கும். நெடுநேரம் போராடிச் செத்த மீன் கெதியாக விறைத்து, கெதியாக இளகும்.

குஞ்சு வருவதற்கு முன்

அண்ணையின் பக்கற்றில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருந்தது. அதைப் பூட்டிய டப்பாவில் போட்டு, வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். அடுத்த தொகுதிக் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோதுதான் எங்கள் இருவருக்கும் ஒன்று பிடிபட்டது. லொறிப் பயணத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் குஞ்சு அண்ணையின் கையில் இல்லை, பொரிப்பகத்தின் தொட்டியில் இருக்கிறது. வேலி அடைக்க வேண்டிய காலம் அங்கேதான் போகிறது.

அவர் அங்கேயே, என் மேசையில் இருந்தபடி தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, அனுப்புறதுக்கு முந்தி ரெண்டு கிழமையும் குஞ்சுக்கு என்ன தீன் போடுறனீங்கள்? விற்றமின் சேர்த்ததோ? ஏத்திற அண்டைக்கு முதல் நாள் தீனை நிப்பாட்டுவியளோ? பையிலை ஊத்திற தண்ணியிலை உப்பு எவ்வளவு?”

அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். உப்பு அளவைச் சொன்னதும் அண்ணை என் பேனாவை வாங்கிப் பக்கற்றின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டார். கடல்நீரேரித் தண்ணீரை அளந்து அதற்குக் கிட்ட அங்கேயே பழக்கி அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். முடியும், பத்து நாள் முந்திச் சொல்ல வேண்டும் என்றார்கள். தை கடைசியில் குஞ்சு வருகிறது. இந்த முறை ஒரு கொப்பியும் வாங்கிவைத்திருக்கிறார். இறக்கிய பிறகு எத்தனையாவது நாளில் குஞ்சுகள் தீனுக்கு மேலே வருகின்றன என்று நாள்தோறும் அதில் குறிக்கப்போகிறார்.